பாம்பனுக்கு வந்த பார்சல்

நேற்று மதினிக்குப் பார்சல் வந்தது. ரீல்ஸில் பார்த்த மயில்நீலச் சேலை, 649 ரூபாய், ஜிபேயில் முன்பணமாகவே போயாச்சு. கத்தரிக்கோலை எடுக்கும் முன்பே போனை என் கையில் திணித்தார். "இடையில நிறுத்தாம எடு. ஓப்பனிங் வீடியோ இல்லைன்னா ரிட்டன் கிடையாதாம்."

பிரித்தால் கத்தரிப்பூ நிறம்! முந்தானையில் நூல் வேறு தொங்குகிறது. வீடியோவை அனுப்பினோம். "லைட்டிங்கில் கலர் மாறும் சிஸ்டர்" என்று பதில், கூடவே ஒரு கும்பிடு.

2020இல் டிக்டாக் தடையாகி ரீல்ஸ் வந்ததிலிருந்து கடைவீதி கைக்குள் வந்துவிட்டது. "இன்னும் 3 பீஸ்தான்" என்றால் மதினிக்குக் கை நிற்காது. (ஒரு மாதமாக அதே 3 பீஸ்தான்.)

நெசவுக்குப் பேர்போன பரமக்குடி நம் மாவட்டம்தானே, தொட்டுப் பார்த்து வாங்கலாமே என்றேன். "போய்வர ஒரு நாள் போயிடும்" என்றார்.

ராத்திரி பார்த்தால், சத்தத்தைக் குறைத்துவைத்து அதே கடையின் லைவ் ஓடுகிறது.