இடிபடும் கொட்டகையிலிருந்து சில குறிப்புகள்

4 ஜூன் 2023, ஞாயிறு

எங்கள் கடைத்தெருவின் தென்கோடியில் நிற்கும் சினிமாக் கொட்டகையை இந்த மாதக் கடைசியில் இடிக்கப் போகிறார்கள் என்று காலையில் டீக்கடையில் கேள்விப்பட்டேன். 2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவுக்குப் பின் கரையேறிய கஜா புயல், திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் தென்னையையும் கூரையையும் விட்டுவைக்கவில்லை. இந்தக் கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் அன்றைக்குப் போனதுதான். அதற்கு முன்பே படம் ஓடுவது நின்றுவிட்டபடியால், மறுபடியும் கூரை போட யாருக்கும் மனம் வரவில்லை. நான்கரை ஆண்டு மழை தரை டிக்கெட்டுக்கும் சேர் டிக்கெட்டுக்கும் வித்தியாசமில்லாமல் பெய்திருக்கிறது.

முதலாளியின் பேரனிடம் போனில் பேசினேன். நான் கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்த காலத்தில் அவருடைய தகப்பனாருக்குப் பயிர்க்கடன் எழுதிய பழக்கம் உண்டு. "உள்ளே பழைய பேப்பரும் எலிப்புழுக்கையும்தான் சார் கிடக்கு, வேணுங்கிறதை எடுத்துக்குங்க" என்றார். பாதியை ஏற்கெனவே பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டாராம்.

பழைய கொட்டகையைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் தாம் பார்த்த படத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எந்தப் படம் எப்போது வந்தது, யார் நடித்தது என்பதையெல்லாம் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் ஆயுள் முழுதும் உட்கார்ந்து தொகுத்துவிட்டார். ஆனால் அந்தப் படம் எங்கள் ஊருக்கு எந்த வண்டியில் வந்து இறங்கியது, யார் சுமந்தது, எவ்வளவு வரி கட்டியது, இருட்டில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பவை எந்தத் தொகுப்பிலும் இல்லை. அவை இந்த ஊரில் நான்கைந்து வயதானவர்களின் நினைவிலும் எலி தின்ற காகிதத்திலும்தான் இருக்கின்றன. இந்த மாதம் அதை எழுதி வைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

7 ஜூன், புதன்

டிக்கெட் கொடுக்கும் அறைக்குள் நுழைய வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செங்கல் குவியல் மேல் ஏற வேண்டியிருந்தது. அறைக்கு மட்டும் கான்கிரீட் தளம் இருந்ததால் மூலையில் ஒரு தகரப் பெட்டி பிழைத்திருக்கிறது. அதில் கட்டுக்கட்டாக டி.சி.ஆர். தாள்கள். நாள் வசூல் கணக்கைத் தியேட்டர்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஒவ்வொரு காட்சிக்கும் தரை, பெஞ்சு, சேர் என்று வகுப்புவாரியாக டிக்கெட் எண் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, எத்தனை விற்றது, கேளிக்கை வரி போக நிகரம் என்ன, விநியோகஸ்தர் பங்கு என்ன என்று கட்டம் கட்டமாக எழுதி, அடியில் மேனேஜரும் பட விநியோகஸ்தரின் பிரதிநிதியும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். முப்பத்தைந்து ஆண்டு பேரேடு எழுதிய எனக்கு இதைவிட ருசியான வாசிப்பு கிடையாது. அடைமழைக் காலத்து இரவுக் காட்சிகளில் வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தைப்பொங்கல் வாரத்தில் அதே கட்டங்களில் எண்களை நெருக்கி எழுத வேண்டியிருந்திருக்கிறது. சம்பா அறுத்து முடித்துக் கையில் கூலி புழங்கும் மாதம் எது என்பதை இந்தத் தாள்களை வைத்தே சொல்லிவிடலாம்.

சுவரில் கண்ணாடி உடைந்த சட்டத்துக்குள் 'சி ஃபார்ம்' உரிமம் தொங்கிக்கொண்டிருந்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தத் தாள் இல்லாமல் தமிழ்நாட்டில் எவரும் படம் காட்ட முடியாது. கொடுத்தவர் தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியர். எங்கள் பக்கம் 1991இல் நாகப்பட்டினம் மாவட்டத்துக்கும் பிறகு 1997இல் திருவாரூர் மாவட்டத்துக்கும் போனதை அறிந்தவர்கள், தேதி அழிந்துபோன தாளைக்கூட இந்த முகவரியைக் கொண்டு ஓரளவு காலம் குறித்துவிடலாம். நல்ல வேளையாக இதில் தேதி அழியவில்லை. ஆனால் அந்தத் தேதி என்னைச் சங்கடப்படுத்தியது. இந்தக் கட்டடம் முதன்முதலாக உரிமம் பெற்றபோது நான் ஏழாம் வகுப்பில் இருந்திருக்கிறேன். நான் பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முன்பே அம்மாவோடு பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்து படம் பார்த்ததும், படம் விட்டதும் அம்மா வாய்க்கால் படியில் என் காலைக் கழுவிவிட்டதும் இந்தக் கொட்டகையில்தான் என்று அறுபது ஆண்டாக எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேனே!

இன்று சுற்றிப் பார்த்தேன். இங்கே தரை சிமென்ட்டு. பக்கத்தில் வாய்க்காலும் இல்லை.

8 ஜூன், வியாழன்

தாள்களைத் திண்ணை நிழலில் பிரித்து உலர்த்தினேன். வெயிலில் போடக் கூடாது. மை வெளுத்து, காகிதம் முறுகிவிடும். என் பேரன் லேமினேட் செய்யலாமே என்றான். செய்தால் பிறகு பிரிக்க முடியாது என்று மறுத்துவிட்டேன். செல்லரித்த ஓரங்களைப் பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்து, ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து, இடையிடையே வெள்ளைத்தாள் வைத்து அடுக்கியாயிற்று. பெட்டியில் வசம்பும் நொச்சியிலையும் போட்டது என் மனைவியின் யோசனை. ஓலைச்சுவடிக்கு வேலை செய்தது டி.சி.ஆருக்கும் செய்யும் என்கிறாள்.

12 ஜூன், திங்கள்

இன்று மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். எங்கள் கடைமடைக்கு வந்து சேர இன்னும் நாளாகும்.

ஆபரேட்டர் அண்ணனைப் பார்க்கப் போனேன். எண்பதை நெருங்குகிறார், ஒரு கண்ணில் புரை. ஒலிப்பதிவைத் தொடங்கும்போது தேதியையும் இடத்தையும் நானே சொல்லிவிட்டுப் பிறகு அவரைப் பேச விட்டேன். இல்லாவிட்டால் பத்து ஆண்டு கழித்துக் கேட்பவருக்கு எதுவும் விளங்காது.

பதினாறு வயதில், கூடாரம் போட்டுப் படம் காட்டும் டூரிங் டாக்கீஸில் ரீல் சுற்றும் பையனாகச் சேர்ந்தாராம். ஒரே ஒரு மிஷின். ஆயிரம் அடிச் சுருள் பதினோரு நிமிடத்தில் ஓடிவிடும். பல சுருள்களை ஒன்றாக ஒட்டி ஓட்டினாலும், ஒவ்வொரு தடவையும் நிறுத்தித்தான் மாற்ற வேண்டும். ஆகையால் டூரிங் கொட்டகையில் ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை. முறுக்கு விற்பவர்களுக்கு அது நல்ல காலம் என்று சிரித்தார். பிறகு தேர்வு எழுதி ஆபரேட்டர் சான்றிதழ் வாங்கி இந்தக் கட்டடத்துக்கு வந்ததும் இரண்டு மிஷின்கள் கிடைத்தன. திரையின் வலது மேல்மூலையில் ஒரு புள்ளி மின்னினால் அடுத்த மிஷினின் மோட்டாரைப் போட வேண்டும். சில நொடி கழித்து இரண்டாவது புள்ளி தெரிந்ததும் இதை மூடி அதைத் திறக்க வேண்டும். "நம்ம வேலை சரியா இருந்தா ஜனங்களுக்கு நாம இருக்கிறதே தெரியாது தம்பி. தப்பு நடந்தாத்தான் திரும்பிப் பாப்பாங்க."

வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சிகள். செம்புப் பூச்சுள்ள குச்சி ஒரு பக்கம், மற்றொன்று எதிர்ப்பக்கம். இரண்டுக்கும் நடுவே பற்றும் சுடர்தான் திரையில் விழும் வெளிச்சம். குச்சி எரிந்து குறையக் குறைய இடைவெளியைத் திருகித் திருகிச் சரி செய்துகொண்டே இருக்க வேண்டும். கவனம் தப்பினால் படம் மஞ்சளடித்துவிடும். எரிந்து மிஞ்சிய துண்டுகளைப் பொறுக்க நாங்கள் சிறுவர்களாக ஜன்னலுக்குக் கீழே நின்றதை அவரிடம் ஒப்புக்கொண்டேன். தெரியும் என்றார்.

படப்பெட்டி திருச்சியிலிருந்து வரும். விநியோகத்தில் எங்கள் பக்கமெல்லாம் 'டி.டி. ஏரியா', அதாவது திருச்சி-தஞ்சாவூர். தஞ்சாவூர் ராஜா கலையரங்கத்திலும் கும்பகோணம் ஜூபிடரிலும் திருவாரூர் தைலம்மையிலும் ஓடி முடித்துக் கோடு விழுந்த பிரதிதான் 'சி சென்டர்' என்று பெயர் பெற்ற எங்களுக்கு வந்து சேரும். திருத்துறைப்பூண்டி வரை மீட்டர்கேஜ் ரயிலில் வந்து, அங்கிருந்து ஒரு பெட்டி வேதாரண்யம் பக்கம் அகஸ்தியம்பள்ளி ரயிலிலும் ஒரு பெட்டி எங்கள் ஊர்ப் பஸ்ஸின் கூரையிலும் போகும். பல ஆண்டாக நின்றுபோயிருந்த அந்த அகஸ்தியம்பள்ளி ரயில் அகலப் பாதையில் இந்த ஏப்ரலில்தான் மறுபடி ஓடத் தொடங்கியிருக்கிறது. அண்ணனிடம் சொன்னேன். "இனிமே எதை ஏத்தி அனுப்புறது?" என்றார்.

சினிமாவுக்கும் ரயிலுக்கும் இந்த ஊர்ப்பக்கம் பழைய உறவு உண்டு. 1905இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சுருள்களையும் வாங்கிக்கொண்டு கூடாரத்தோடு ஊர் ஊராகக் கிளம்பினார். அவர் 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டி நிலைத்துவிட்டாலும், கூடாரம் போட்டுக் காட்டும் முறை எங்கள் வயல்வெளிகளில் அதற்குப் பிறகும் வெகுகாலம் நீடித்தது.

மணலைப் பற்றிக் கேட்டேன். "இங்க ஏது மணல்? அது டூரிங்ல. ரயில்வே கேட் தாண்டி" என்றதோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

18 ஜூன், ஞாயிறு

பெண்கள் பக்கம் டிக்கெட் கிழித்த அக்காவின் வீட்டில் பிற்பகல் முழுதும் கழிந்தது. கொட்டகையைப் பற்றிய பேச்சில் பெண்கள் பக்கத்தை யாருமே கேட்டதில்லை என்று தொடங்கினார். இடுப்பளவு சுவர்தான் ஆண்களையும் பெண்களையும் பிரித்தது. நடவு முடித்த கையோடு சேறு காயாத காலோடு மாலைக் காட்சிக்கு வருவார்கள். வருவோர் இரவுச் சோற்றை முன்னதாகவே வடித்து வைத்துவிட்டு வர வேண்டும் என்பதால், எட்டூர் தள்ளிக் கேட்கும் குழாய் ஒலிபெருக்கிதான் அவர்களுக்குக் கடிகாரம். சீர்காழி கோவிந்தராஜனின் பக்திப் பாட்டைப் போட்டால் டிக்கெட் கொடுக்கத் தொடங்கியாயிற்று என்று பொருள். அந்த இசைத்தட்டு எங்கே போயிற்று என்று அவருக்கும் தெரியவில்லை.

தமிழர்கள் சாதி பாராமல் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் இடம் சினிமாக் கொட்டகைதான் என்று ஆய்வாளர்கள் எழுதியிருப்பதைச் சொன்னேன். அக்கா மறுக்கவில்லை, ஆனால் சேர் டிக்கெட்டுக்குக் காசு முந்தானையில் முடிந்திருந்தும், தாங்கள் வேலை செய்யும் மிராசுதார் வீட்டுப் பெண்கள் முன்வரிசை நாற்காலியில் இருப்பதைப் பார்த்துவிட்டுத் தரைக்கே சீட்டு வாங்கிக்கொண்டு போனவர்களைப் பெயர் சொல்லி எண்ணினார். வசூல் கணக்கில் அந்த டிக்கெட் 'தரை' என்றுதான் பதிவாகியிருக்கும். டி.சி.ஆர். தாள்களை எவ்வளவு நேரம் புரட்டினாலும் இது எனக்குத் தெரிந்திருக்காது. காகிதமும் வாய்ச்சொல்லும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கூட்டம் குறைந்தது எப்போது என்பதிலும் அவர் கணக்கு வேறு. எல்லோரும் கேபிள் டிவியைச் சொல்வார்கள். எங்கள் கடலோரத்தில் அதற்கு முன்பே, 1982இல் இலங்கையில் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கிய பிறகு, வசதியுள்ள வீடுகளில் உயரமான ஆன்டெனா முளைத்ததும் சேர் டிக்கெட்தான் முதலில் காலியாயிற்றாம். தரை கடைசி வரை வந்தது.

21 ஜூன், புதன்

ஆபரேட்டர் அறையில் ஒரு தகர டப்பாவில் வெட்டி ஒட்டியபோது மிஞ்சிய ஃபிலிம் துண்டுகள் கிடைத்தன. திறந்ததும் காடி நெடி மூக்கில் ஏறியது. அசிடேட் ஃபிலிம் ஈரத்திலும் வெக்கையிலும் சிதையும்போது வரும் நெடி அது. ஆவி பட்டால் அருகிலிருக்கும் நல்ல ஃபிலிமும் கெடும், காகிதமும் பழுக்கும். அதனால் டப்பாவை வசூல் தாள்களோடு சேர்க்காமல் கொல்லைப்புற அலமாரியில் தனியே வைத்தேன். 1964இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்குவதற்கு முன்பே தமிழின் தொடக்ககாலப் படங்களில் பெரும்பாலானவை அழிந்துவிட்டிருந்தன. இந்த விரற்கடைத் துண்டுகளால் யாருக்கும் பயன் இருக்குமா தெரியவில்லை. ஆனாலும் எறிய மனமில்லை.

பாட்டுப் புத்தகங்கள் பதினொன்று கிடைத்தன. அவற்றைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டுவிட்டு அனுப்பப் போகிறேன்.

26 ஜூன், திங்கள்

ஜே.சி.பி. வந்துவிட்டது. திரைச்சுவர் விழுவதைப் பார்க்க நான் போகவில்லை.

2 ஜூலை, ஞாயிறு

ஆபரேட்டர் அண்ணனை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ரயில்வே கேட்டுக்கு அப்பால் போனேன். டூரிங் கொட்டகை நின்ற திடலில் இப்போது நேரடி நெல் கொள்முதல் நிலையம் இருக்கிறது. கொள்முதல் இல்லாத காலமாதலால் மடித்த தார்ப்பாயும் மரச்சட்டங்களும் மட்டும் கிடந்தன. அண்ணன் புளியமரத்தில் முதுகை ஒட்டி நின்று, கண்ணை நம்பாமல் காலடியால் அளந்தார். மிஷின் இங்கே, ஆயில் என்ஜின் அதற்குப் பின்னால், சத்தம் உள்ளே வராத தூரத்தில், திரை கிழக்கே. சிமென்ட் களத்தின் நடுவில் நின்று, "இது ஆம்பளைங்க" என்றார். மறு பக்கம் திரும்பி, "பொம்பளைங்க வாசல் வாய்க்கால் பக்கம். உரிமம் முடிஞ்சு பிரிக்கிறப்ப மணலையும் வாரி வித்துட்டாங்க" என்றார்.

அவர் கைகாட்டிய பக்கம் காட்டாமணக்கு மண்டியிருந்தது. விலக்கிப் பார்த்தேன். மூன்று கருங்கல் படிகள் தெரிந்தன; நாலாவது மண்ணுக்குள் இருக்கலாம். தண்ணீர் இன்னும் வந்து சேரவில்லை. இடத்தை நோட்டில் வரைந்து, ரயில்வே கேட்டிலிருந்து தூரத்தையும் எழுதி, 7ஆம் தேதிக் குறிப்பில் என் மணலுக்கு எதிரே 'இடம் வேறு' என்று திருத்தினேன்.