பட்டைவால் மூக்கனின் தொப்பை

பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவையைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் தூரத்தில்தான் ஆரம்பிப்பார்கள். அதை முதலில் சொல்லி முடித்துவிடலாம். 2007-ல் ‘ஈ7’ என்று பெயரிடப்பட்ட பெண் பறவை அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்குச் சுமார் 11,700 கி.மீ. எட்டு நாளில் போய்ச் சேர்ந்தது. 2022-ல், பிறந்து ஐந்து மாதமே ஆன ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கி.மீ. பறந்தது, 11 நாள். நடுவில் இரை இல்லை, தண்ணீர் இல்லை, கடலில் மிதந்து இளைப்பாறும் வழியும் இதற்கு இல்லை.

என்னைக் கேட்டால், இந்தப் பறவையிடம் சிறகைவிட வயிற்றைத்தான் கவனிக்க வேண்டும். புறப்படும் முன் அலாஸ்காவின் சேற்றுவெளிகளில் சிப்பியும் புழுவும் தின்று கொழுக்கிறது. அங்கே ரேடாரை மூடியிருக்கும் குவிமாடத்தில் மோதி இறந்த இளம் பறவைகளை அறுத்துப் பார்த்தபோது, எடையில் 55 சதவீதம் வரை வெறும் கொழுப்பு. ஒரு கிராம் கொழுப்பு எரிந்தால் மாவுச்சத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் வரும். கூடவே ஏறக்குறைய ஒரு கிராம் தண்ணீரும் உண்டாகும். தாகம் ஓரளவு அங்கேயே தீர்கிறது.

கொழுப்பு ஏறினால் எடையும் ஏறுமே? அதற்காக, பறக்கும்போது வேலையில்லாத உறுப்புகள் சுருங்கிவிடுகின்றன. அரைவைப்பை, குடல், கல்லீரல், சிறுநீரகம் எல்லாமே அந்த இளம் பறவைகளில் சிறுத்துக் கிடந்தன. போய் இறங்கிய பிறகு குடலை மறுபடி வளர்த்துக்கொண்டால்தான் வயிறாரத் தின்ன முடியும்.

இந்தக் கொழுப்பைத் தொலைவிலிருந்தே மதிப்பிடலாம். பறவை பக்கவாட்டில் நிற்கும்போது, காலுக்கும் வாலுக்கும் இடைப்பட்ட அடிவயிற்றுக் கோட்டைப் பாருங்கள். உள்வாங்கியிருந்தால் இப்போதுதான் வந்திறங்கியது. நேர்கோடாக இருந்தால் நடுத்தரம். கீழே தொங்கினால் கிளம்பும் நாள் நெருங்கிவிட்டது. குனிந்து இரை தேடும்போது பார்த்தால் கணக்கு தப்பும். நிமிர்ந்து நிற்கும் வரை பொறுங்கள்.

இதன் நெருங்கிய உறவுப் பறவையான கருவால் மூக்கனோடு குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. அது பறந்தால் சிறகில் பளிச்சென்று வெள்ளைப் பட்டை தெரியும், வால் முனை கறுப்பு. பட்டைவாலுக்குச் சிறகுப் பட்டை கிடையாது. வாலில் குறுக்குக் கோடுகள், அலகு சற்றே மேல்நோக்கி வளைந்தது, கால் குட்டை. இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு வாலடி வரை செங்கல் நிறம். கருவாலுக்கு அந்தச் சிவப்பு நெஞ்சோடு நின்று, வயிற்றில் கோடுகள் இருக்கும். பட்டைவாலில் பெண் உருவில் பெரியது, அலகும் நீளம். அதனால் ஆணைவிட ஆழத்தில் இருக்கும் புழுவும் எட்டும். முழு அலகையும் சேற்றில் செருகிய பிறகு நுனியை மட்டும் திறக்க முடியும் என்பதால், புழுவைக் கவ்விய பிடி நழுவாது.

கிளம்பும் நாளைக் காற்று முடிவு செய்கிறது. அலாஸ்கா அருகே தாழ்வழுத்தம் கடந்து, அதன் பின்புறக் காற்று தெற்கே வீசும்போது கூட்டம் எழும்பும். திரும்பும் வழி வேறு: மார்ச்சில் நியூசிலாந்தை விட்டு, சுமார் 10,000 கி.மீ. பறந்து, சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவிலுள்ள மஞ்சள் கடல் கரையில் இறங்கும். அங்கே ஐந்தாறு வாரம் தின்று மறுபடி கொழுத்தால்தான் மே மாதம் அலாஸ்காவின் மரமில்லாக் குளிர்வெளியான தூந்திராவை எட்ட முடியும். அங்கே நான்கு முட்டை, ஆணும் பெண்ணும் மாறி மாறி மூன்று வாரம் அடைகாக்கும்.

ஆகவே மஞ்சள் கடலில் சேறு குறைந்தால் இதற்கு மாற்று இடம் கிடையாது. தென்கொரியாவின் சேமான்கும் கழிமுகத்தை 33 கி.மீ. சுவர் கட்டி 2006-ல் அடைத்தார்கள். அப்படிப் போன சேற்றுவெளிகள் அந்தக் கரையில் பல.

பார்க்கப் போகிறவர்களுக்கு: ஓதம் (கடல்மட்ட ஏற்றம்) உச்சம் தொட இரண்டு மணி நேரம் முன்பே போய் அசையாமல் உட்காருங்கள். தண்ணீர் ஏற ஏற, பறவைகள் தாமாகவே உங்கள் பக்கம் ஒதுங்கி வரும். ஓதம் உச்சத்தில் இருக்கும்போது தின்ன இடமில்லாமல் கூட்டமாக ஓய்வெடுப்பவற்றை நெருங்கி எழுப்பாதீர்கள். எழும்பும் ஒவ்வொரு தடவையும் சேர்த்த கொழுப்பு வீணாகிறது. எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தால், நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள், மெல்லப் பின்வாங்குங்கள்.