நான் கையெழுத்துப் போட்ட ஹெலிகாப்டர் விழுந்தப்போ – விசாரணையில நான் பட்டது

நான் ஆஸ்திரேலியாவுல வடக்கு குயின்ஸ்லாந்துல ஹெலிகாப்டர் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். சில வருஷம் முன்னாடி 100 மணி நேர இன்ஸ்பெக்ஷன் முடிச்சு நான் கையெழுத்துப் போட்டு அனுப்பின ஒரு ஆர்22, அதாவது ரெண்டு சீட்டு குட்டி ஹெலிகாப்டர், பதினோரு நாள் கழிச்சு மேல பறந்துக்கிட்டே மாட்டு மந்தையை ஓட்டப் போன இடத்துல விழுந்துருச்சு. பைலட் போயிட்டான், சின்னப் பையன். பேரு, ஊரு எதையும் எழுதப் போறதில்ல. இந்த ஃபீல்டுல இப்ப நம்ம பசங்க நிறைய பேர் இருக்காங்க, யாருக்காவது இப்படி ஒரு நாள் வந்தா என்னென்ன நடக்கும்னு தெரியணும், அன்னைக்கு எனக்குச் சொல்ல ஒருத்தரும் இல்ல.

ஃபோன்ல முதலாளி சொன்ன முதல் வார்த்தை, "ரெக்கார்டு எதையும் தொடாத"ங்கிறதுதான். லாக்புக், ஒர்க்‌ஷீட், ஸ்பேர் வாங்கின பில்லு எல்லாம் ஒரு பெட்டிக்குள்ள போய் பூட்டிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி படுத்தப்புறம்தான் ஞாபகம் வருது, டிரைவ் பெல்ட் செக் பண்ண வரியில அளவு எழுதாம வெறும் டிக் போட்டு விட்டிருக்கேன். அந்தப் பெட்டியைத் திறந்து எழுதிடலாமான்னு ஒரு நிமிஷம் நினைச்சேன், அதை உங்ககிட்ட மறைக்க விரும்பல. செய்யல, ஆனா நினைச்சேன்.

பெல்ட்டுன்னா ஏன் அவ்ளோ பயம்னா, ஆர்22ல இன்ஜின் பவர் ரோட்டருக்கு, அதாவது மேல சுத்துற இறக்கைக்கு, போறதே ரெண்டு வி-பெல்ட் வழியாத்தான், ஸ்டார்ட் பண்ணதும் கிளட்ச் ஆக்சுவேட்டர் அதை இழுத்து டைட் பண்ணும். அது போச்சுன்னா ரோட்டர் தன் வேகத்துலயே சுத்தணும், இந்த மெஷின்ல ரோட்டர் ரொம்ப லேசு, பைலட் ஓரிரு செகண்டுக்குள்ள கலெக்டிவை (இறக்கைகளோட சாய்வை மாத்தற லீவர்) இறக்கலைன்னா வேகம் செத்துரும், மாடு ஓட்டுறவன் மரத்து உசரத்துலதான் பறப்பான், அங்க அந்த செகண்டும் கிடையாது, கிடைச்சாலும் கீழ இறங்க எடம் கிடையாது. விடிய விடிய இதையே ஓட்டிப் பாத்துக்கிட்டு இருந்தேன்.

முதல்ல போலீஸ் வந்தாங்க, அது கொரோனருக்காக, அதாவது இந்த மாதிரி சாவுகளை விசாரிக்கற அதிகாரிக்காக. அப்புறம் ஏடிஎஸ்பி, அதாவது ஆஸ்திரேலியாவோட போக்குவரத்து விபத்து விசாரணை அமைப்பு, அவங்க ஆளுங்க ரெண்டு பேர். உக்காந்ததுமே சொல்லிட்டாங்க, யார் மேல தப்புன்னு கண்டுபிடிக்க நாங்க வரல, ஏன் நடந்துச்சுன்னு பாக்கத்தான் வந்திருக்கோம்னு. 2003ல வந்த போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணைச் சட்டப்படி அவங்க கட்டாயப்படுத்திக் கேட்டா பதில் சொல்லியே ஆகணும், ஆனா அப்படிச் சொன்னதை நம்ம மேல கிரிமினல் கேஸ்ல சாட்சியாக் கொண்டு வர முடியாது. அந்த டிக் விஷயத்தை அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிட்டேன். எழுதிக்கிட்டே இருந்தவர் நிமிர்ந்து கூடப் பாக்கல, "செக் எப்படிப் பண்ணீங்க, செஞ்சு காட்டுங்க"ன்னாரு. ஹாங்கர்ல நின்ன இன்னொரு ஆர்22கிட்ட போய் காட்டினேன், கை நடுங்கிச்சு.

அவங்களை நான் நம்பினதுக்கு ஒரு காரணம் இருக்கு. 2013 மார்ச் 21ல சிட்னிக்குத் தெற்க புல்லி டாப்ஸ்ல ஒரு ஆர்44, அதே கம்பெனியோட நாலு சீட்டு மெஷின், விழுந்து தீப்பிடிச்சு 4 பேர் செத்தாங்க. பெட்ரோல் டேங்க்கை ரப்பர் பை வெச்ச பிளாடர் டேங்க்கா மாத்தச் சொல்லி 2010லயே கம்பெனிகிட்டேருந்து புல்லட்டின் வந்தாச்சு, கெடு 2013 ஏப்ரல் கடைசி வரைக்கும் இருந்துச்சு, அந்த மெஷின்ல இன்னும் மாத்தாம இருந்தாங்க. அதுக்கப்புறம் மாத்தாத ஆர்44 இங்க பறக்கவே கூடாதுன்னு ஆயிடுச்சு. அந்த விபத்தைப் பத்தி ஏடிஎஸ்பி எழுதின ரிப்போர்ட்டைப் படிச்சவன் நான், அந்த டேங்க்கை என் கையால மாட்டியிருக்கேன், அதனால இவங்க எழுதற ஒவ்வொரு வரிக்கும் என்ன மதிப்புன்னு தெரியும்.

இந்த மாதிரி குட்டி ஹெலிகாப்டர்ல பொதுவா பிளாக் பாக்ஸ் கிடையாது. பையனோட டேப்லெட்ல இருந்த ஜிபிஎஸ், கண்ணால பாத்த ரெண்டு ஸ்டாக்மேன் (மாட்டுப் பண்ணை ஆளுங்க), மிச்சத்தை இரும்புதான் சொல்லணும். ஒரு பார்ட்டை அடையாளம் காட்டக் கூப்பிட்டப்போ பாத்தேன், இன்ஜின் பின்னாடி இருக்கற கூலிங் ஃபேன் கூண்டோட உள்பக்கம் சுத்தி வட்டமா கீறல், புதுக் கீறல், பளபளன்னு. விழுற நேரத்துல ஃபேன் சுத்திக்கிட்டு இருந்தாத்தான் அப்படிக் கீறும், அப்ப இன்ஜின் ஓடியிருக்கு. வார்னிங் லைட் பல்பைக் கூட விடல, எரிஞ்சுக்கிட்டு இருந்த பல்புன்னா அடிபடும்போது உள்ள இழை இளகி நீண்டுரும், அணைஞ்சிருந்தா நீளாது. இதெல்லாம் லென்ஸ் வெச்சுப் பாக்கறாங்க.

ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு ரிப்போர்ட்டோட டிராஃப்ட் வர. கருத்துச் சொல்ல 28 நாள் டைம், ஆனா உள்ள இருக்கறதை வெளிய சொல்லக் கூடாது, சொன்னா குத்தம். என் வீட்டுக்காரி "நல்லபடியாத்தான் வந்திருக்கா?"ன்னு கேட்டா, அவகிட்டயும் வாயைத் திறக்கல. அதே வாரம் கடையில அந்தப் பையனோட அம்மா எதிர்ல வந்துட்டாங்க, மெஷின் நல்லாத்தானே இருந்துச்சுன்னு கேட்டாங்க. பதில் என் பையில மடிச்ச பேப்பரா இருக்கு, நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன். இந்த மொத்த விவகாரத்துலயும் அந்த ரெண்டு நிமிஷத்தைத்தான் என்னால இன்னும் தாண்ட முடியல.

ஃபைனல் ரிப்போர்ட்ல வந்தது இதான்: பெல்ட்ல முன்கூட்டிய கோளாறு எதுவும் தெரியல, இன்ஜின் பவர் குடுத்துக்கிட்டு இருந்திருக்கு, தாழப் பறந்து பின்காத்துல மெதுவாத் திரும்பும்போது ரோட்டர் வேகம் குறைஞ்சிருக்கு, மீட்க உசரம் இல்ல. என் டிக்கைப் பத்தியும் ஒரு வரி இருந்துச்சு, அளவு பதிவாகல, விபத்துக்குக் காரணம் அது இல்லன்னு. இப்ப எங்க ஒர்க்‌ஷீட்ல அந்த இடத்துல டிக் போடவே முடியாது, நம்பர்தான் எழுதணும், கட்டத்தை நானே மாத்தினேன்.

ரிப்போர்ட் வெளிய வந்த மறுவாரம் அந்தம்மா வீட்டுக்குப் போனேன். பிரிண்ட் எடுத்து வெச்சிருந்தாங்க, ஃபேன் கூண்டுக் கீறல்னு வர இடத்துல பென்சில்ல கோடு போட்டு, இது என்னன்னு புரியலன்னாங்க. கடைசிப் பக்கத்தைத் திருப்பி வெச்சு, ஒரு வட்டம் போட்டு, உள்ள ஃபேனை வரைஞ்சு, எங்க உரசும்னு காட்டினேன். அந்தத் தாளை மட்டும் தனியாக் கழட்டி எடுத்து வெச்சுக்கிட்டாங்க.