ஆலோசகர் நாற்காலி: மே முதல் ஜூலை வரை

மே 19

குடும்ப வன்முறையில் சிக்கிய பெண்களுக்காக நாங்கள் நடத்தும் மையத்தின் ஆலோசகர் இன்று ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டாள். தென்காசிப் பக்கம் ஒரு அரசு மையத்தில் ஒப்பந்த வேலை கிடைத்திருக்கிறது. அதுவும் நிரந்தரம் கிடையாதுதான். ஆனால் சம்பளம் கூடுதல், வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். போகாதே என்று எந்த வாயால் சொல்ல? "ஒரு மாசம் இருந்து எல்லாத்தையும் ஒப்படச்சிட்டுத்தான் போவேன்க்கா" என்றாள். சரி என்றேன்.

மே 24

பீரோவைத் திறந்து ஒப்படைக்கும் வேலை தொடங்கியது. கோப்புக்குள் இருப்பதெல்லாம் வழக்கமான சமாச்சாரம்: மனு, 2005ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலருக்கு அனுப்பிய கடிதத்தின் நகல், இரண்டு தரப்பும் வந்த தேதிகள். மெய்யான சங்கதி அட்டையின் உள்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறது. 'ஆறு மணிக்கு மேல் போன் கூடாது, மாமியார் எடுப்பார்.' 'மூத்த பையனை வைத்துக்கொண்டு பேச வேண்டாம்.' 'செவ்வாய் வேண்டாம், கடையில் இலை போடுகிற நாள்.'

அந்தக் கடைசிக் குறிப்பு மேலப்பாளையத்துப் பெண்ணுடையது. பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. எங்களிடம் வந்து உட்கார்ந்தால் அன்றைய கணக்கு அடிபட்டுப் போகும். அதனால் பீடி சுற்றும் சொளவையும் கையோடு கொண்டுவந்துவிடுவார். மடியில் இலை, தூள், நூல். பேசப் பேச விரல் சுற்றிக்கொண்டே இருக்கும். புருஷனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் நூல் அறுந்துவிடும். அவர் வாய் திறக்கவே பல மாதம் ஆனது. அடுத்து வருகிறவளிடம் அவர் பேசுவாரா?

மே 31

நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித்துறையில் ஏற்ற இன்றுதான் கடைசி நாள். 10பிடி படிவம். சாயங்காலத்துக்குள் ஏற்றியாச்சு.

இடையில் டவுன் கடைக்கார அண்ணாச்சி ஐயாயிரத்தை ரொக்கமாக நீட்டினார். ரெண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு 80ஜி வரிச் சலுகை கிடையாது என்றேன். "தர்மம் பண்ணதுக்கும் சட்டமா தாயி?" என்று சிரித்துவிட்டு, செக் எழுதித் தருவதாகச் சொல்லிப் போனார்.

ஜூன் 12

ஒரு கம்பெனியிலிருந்து சமூகப் பொறுப்பு நிதிக்காரர்கள் வந்தார்கள். 2013 கம்பெனிச் சட்டம் வந்தபிறகு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதம் இதற்குச் செலவிட்டாக வேண்டும். மரியாதையாகத்தான் பேசினார்கள். தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் தருகிறோம், மேசை நாற்காலி தருகிறோம் என்றார்கள். ஆலோசகர் சம்பளம் என்றதும் முகம் மாறிவிட்டது. "அது நிர்வாகச் செலவாச்சே மேடம், 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது."

இந்த 5 சதவீதத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அந்த வரம்பு கம்பெனி தன் அலுவலகத்தில் இந்த நிதியை நிர்வகிக்கச் செய்யும் செலவுக்கு. களத்தில் திட்டத்தை நடத்துகிறவர் சம்பளம் திட்டச் செலவு. பேசுவதுதான் எங்கள் திட்டமே. பேசுகிற ஆளுக்குப் பணம் இல்லையென்றால் நாற்காலி எதற்கு? விதியை அச்செடுத்துக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

முன்பு இந்தக் கவலை இல்லை. வெளிநாட்டு நிதி வாங்கும் பெரிய அமைப்பொன்று அதில் ஒரு பங்கை எங்களுக்குக் கொடுத்து வந்தது. வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் 2020 திருத்தத்தில், வாங்கிய நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றவே கூடாது என்று ஆனது. அவர்களுக்கே நிர்வாகச் செலவு வரம்பு 50லிருந்து 20 சதவீதமாக இறங்கிவிட்டது. எங்களைப் போன்ற சின்ன மையங்கள்தான் முதலில் அடிவாங்கின.

ஜனங்களுக்கு மனசில்லை என்று சொல்ல மாட்டேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது பாய், போர்வை, அரிசி என்று வைக்க இடமில்லாமல் வந்து குவிந்தது. கண்ணுக்குத் தெரிகிற பொருளுக்குக் கை நீளும். மாதச் சம்பளம் என்றால் மடங்கிவிடும்.

ஜூன் 21

நாட்டு நலப்பணித் திட்ட மாணவிகள் வந்தார்கள். வருடத்துக்கு 120 மணி நேரச் சேவை அவர்கள் கணக்கு. முதல் நாளே கவுன்சலிங் அறையில் உட்கார ஆசை. அது நடக்காதும்மா என்று சொல்லி, பிள்ளைகள் விளையாடும் அறையைக் கொடுத்தேன். இரண்டு பேருக்கு முகம் தொங்கியது. ஒருத்தி மட்டும் தரையில் உட்கார்ந்து, யாரிடமும் ஒட்டாத பயலோடு சோழி வைத்துப் பல்லாங்குழி ஆட ஆரம்பித்தாள். தாய் உள்ளே ஒரு மணி நேரம் நிம்மதியாகப் பேச முடிந்தது. ரிட்டையர்டான தபால்காரர் ஒருவரும் சனிக்கிழமைகளில் வருகிறார். வழி தெரியாத வீடு என்று அவருக்கு எதுவும் இல்லை.

ஜூலை 14

தேரோட்டக் கூட்டம் ஓய்ந்து ஊர் பழைய நிலைக்கு வந்துவிட்டது. புது ஆலோசகரும் சேர்ந்துவிட்டாள். அம்பாசமுத்திரத்துப் பெண், எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணி முதுகலை படித்தவள். பழையவளே வேலை விட்டபிறகும் இரண்டு சனிக்கிழமை வந்து கூட உட்கார்ந்தாள். மேலப்பாளையத்துப் பெண் புதியவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவுக இருப்பாகளா, இவுகளும் போயிருவாகளா?" என்று என்னிடம்தான் கேட்டார்.

கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. சம்பளத்தைத் திட்டச் செலவாக ஒத்துக்கொண்டு எட்டு மாதத்துக்குத் தருகிறார்களாம். கூடவே சுத்திகரிப்பு இயந்திரமும், அவர்கள் பெயர்ப்பலகையோடு. வரட்டும். வருடத்தில் மிச்ச நாலு மாதத்துக்கு மாதம் ஐந்நூறு போடுகிற ஆட்களைத் தேட வேண்டும். அண்ணாச்சி மூன்று பேர் பெயர் சொல்லியிருக்கிறார். ஆகஸ்ட் கூட்டத்துக்கு முன்னால் அவர்களைப் போய்ப் பார்க்கணும்.