கண்டல்பரிக்கு செட்டை கிடையாது

முதல்லயே சொல்லிடுறன், நான் யோசிச்சு வரைஞ்சு விக்கிற கற்பனைக் குதிரை இனம் கண்டல்பரிக்கு செட்டை கிடையாது, கொம்பு கிடையாது, மீன் வாலும் கிடையாது. டிஸ்கோர்டுல திரும்பத் திரும்ப இதத்தான் கேக்குறாங்க, ரெயார் ட்ரெய்ட்டாவது, அதாவது அபூர்வமா வாற அம்சமாவது, ஒரு சின்னச் செட்டை குடுங்களன் அக்கா எண்டு. குடுக்க மாட்டன். செட்டை வெச்ச குதிரையும் கொம்பு வெச்ச குதிரையும் ஒன்லைன்ல காணும் காணுமெண்ட அளவுக்கு இருக்கு, மீன் வால் வெச்சா அது கிரேக்கர் எப்பவோ செஞ்சு முடிச்ச ஹிப்போகாம்பஸ். நான் அடொப்டுக்கு விடுறது மட்டக்களப்பு வாவிச் சேத்துக்குள்ள நடக்குற குதிரை. சேறு எதுக்கு இடம் குடுக்குதோ அது மட்டும்தான் அதுக்கு இருக்கும்.

இந்த அடொப்டபிள் உலகம் தெரியாத ஆக்களுக்கு ஒள்ளுப்பம் சொல்லணும். ஒருத்தர் புதுசா ஒரு உயிரினத்த யோசிச்சு, காது இப்பிடி வால் இப்பிடி எண்டு சட்டம் எழுதி, அந்தச் சட்டத்துக்குள்ள ஒவ்வொரு டிசைனா வரைஞ்சு விப்பார், வாங்கினவர் அதுக்குப் பேர் வைப்பார், கதை எழுதுவார், வேற ஆட்டிஸ்ட்ட காசு குடுத்து வரைவிப்பார். ஓபன் ஸ்பீசிஸ் எண்டா யாரும் சும்மா ஒண்டு செஞ்சுக்கலாம். குளோஸ்ட் எண்டா என்னட்ட வாங்கணும், இல்லாட்டி எம்வைஓ (மேக் யுவர் ஓன்) ஸ்லொட் எடுத்து நீங்களே வரைஞ்சு என்னட்ட அப்ரூவல் எடுக்கணும். கண்டல்பரி குளோஸ்ட்.

எல்லாம் தொடங்கினது கால்லதான். உண்மைக் குதிரை ஒவ்வொரு கால்லயும் ஒத்த விரல்லதான் நிக்குது, அந்த விரல்ட நகம்தான் குளம்பு. கட்டாந்தரையில பறக்கிறதுக்கு அது அருமையான சாமான், ஆனா அவ்வளவு பெரிய உடம்புப் பாரத்த அந்தச் சின்ன வட்டத்துல இறக்கினா கண்டல் காட்டுச் சேத்துல முழங்கால் மட்டும் போயிடும். எங்கட பக்கத்து எருமைகளப் பாருங்க, குளம்பு ரெண்டாப் பிளந்து அகலமா விரியும், எந்தச் சதுப்பிலயும் அலட்டிக்கொள்ளாம நடந்து போகும். ஆனா பிளவுக் குளம்பு வெச்சா குதிரை மாட்டுப் பக்கம் போயிடும், எங்கட பெத்தா, அதான் பாட்டி, எட்டிப்பாத்தா "நல்ல எருமைக்கண்டு மனே" எண்டுதான் சொல்லுவா. அதால பின்னுக்குப் போனன், குதிரைட மூதாதைக்கு. கிட்டத்தட்ட ஐஞ்சரைக் கோடி வருசத்துக்கு முன்ன இருந்த இயோஹிப்பஸ், நாயளவு மிருகம், முன்கால்ல 4 விரல் பின்கால்ல 3 விரல். குதிரைக்குத் தூரத்துச் சொந்தமான டாபிருக்கு இண்டைக்கும் அதே கணக்குத்தான், அதுவும் தண்ணியும் சேறுமா வாழுற சாதி. ஆக கண்டல்பரிக்கும் முன்னுக்கு நாலு பின்னுக்கு மூண்டு, நடுவிரல் மட்டும் கொஞ்சம் பெரிசு, விரலுக்கிடையில மெல்லிசாத் தோல். இந்த விரல்க் கணக்கு பிழைச்சா எம்வைஓவ நான் ரிஜெக்ட் பண்ணுவன், கலர் எவ்வளவு வடிவா இருந்தாலும் சரி.

மறுகா மூக்கு. குதிரை வாயால மூச்சு எடுக்காது, அதுக்கு மூக்கு மட்டும்தான் வழி. தண்ணிக்குள்ள கழுத்து மட்டும் நிக்கிற குதிரைக்கு அது பெரிய சோலி. எங்கட வாவியில முதலை மிதக்கேக்க மூக்கும் கண்ணும் மட்டும் வெளியால தெரியும் பாருங்க, அத எடுத்து மூக்கோட்டைய மேல தூக்கி, மூடித் திறக்கிற மாதிரி மடிப்பு ஒண்டும் வெச்சன். இதுல முகம் ஒள்ளுப்பம் அவலட்சணமாத்தான் வருது, எனக்கு அது பிடிச்சிருக்கு. வடிவான குதிரை வேணுமெண்டா வேற கடை இருக்கு.

கண்ணா எண்ட கண்டல் மரத்தக் கிட்டப்போய்ப் பாத்திருக்கிறீங்களா? சேத்துக்குள்ள இருந்து விரல் விரலா மேல குத்தி நிக்கும் அதுட மூச்சு வேர். கண்டல்பரிட பிடரி அதுதான், மயிர் கிடையாது. அதே மரம் தேவையில்லாத உப்ப இலையால வெளியால தள்ளும், காஞ்ச நேரம் இலையத் தொட்டா வெள்ளையாத் தூள் ஒட்டும். குதிரைக்கு வேர்வை கூட, அதோட அந்த வேர்வை நுரைக்கும், ரெண்டையும் சேத்தா கழுத்திலயும் தோள்லயும் உப்புப் படிஞ்ச கோலம். உப்புக்கோலம் எண்டுதான் ட்ரெய்ட் சீட்டுல, அம்சங்கள்ட பட்டியல்ல, இருக்கு. ஓரம் மட்டும் படிஞ்சா கொமன், முகம் வரைக்கும் ஏறினா அன்கொமன், உடம்பு முழுக்கப் பூத்தா ரெயார். நிறம் பற்றியும் கேக்குறாங்க. உண்மையான கிரே குதிரைக்குட்டி பிறக்கேக்க கறுப்பாவோ மண்ணிறமாவோ இருக்கும், வயசு போகப்போக மயிர் வெளுக்கும், தோல் கறுப்பாவே இருக்கும். அதையும் அப்பிடியே எடுத்துட்டன், குட்டியெல்லாம் சேத்துக்கறுப்பு, கிழடுதான் வெள்ளை. நியோன் பிங்க் கேட்டு வராதீங்க.

ரெயாருக்கும் மேல லெஜெண்டரி, அது ஒண்டே ஒண்டுதான், பாட்டுத்தொண்டை. கல்லடிப் பாலத்தடியில பௌர்ணமி இரவுல தோணியில போய், துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற முனையக் காதுல வெச்சுக் கேக்குற சத்தம் எங்கட ஊர்ச் சனத்துக்குத் தெரியும். பாடும் மீன் எண்டு சொல்றம், மீனா சிப்பியா எண்டு வாதாடுறாக்களும் இருக்காங்க. பாட்டுத்தொண்டைக் கண்டல்பரி வாயத் திறந்து பாடாது, தாடைய தண்ணியில முட்ட வெச்சு அதிரும், கேக்கிறவர் தண்ணியத் தொட்டாத்தான் கேக்கும். படத்துல சத்தத்த எப்பிடிக் காட்டுறது எண்டு கேக்காதீங்க, தாடைக்குக் கீழ மூண்டு மடிப்பு, அவ்வளவுதான்.

குட்டி போடுற சட்டத்துல மட்டும் வெளிநாட்டு ஆக்கள் குழம்பிப் போறாங்க. வழமையா இந்த ஸ்பீசிஸ்கள்ல தாய்க்கும் தகப்பனுக்கும் பாதிப் பாதி சான்ஸ் வெச்சு டைஸ் உருட்டுவாங்க. கண்டல்பரியில பிடரி வகை தாயிட்ட இருந்து மட்டும்தான் வரும், தகப்பன் எவ்வளவு ரெயாரா இருந்தாலும் பிரயோசனமில்ல. எங்கட பக்கம் குடி எண்ட வம்சப் பிரிவு தாய்வழியாத்தானே போகுது, கோயில்ல குடிக்குக் குடி முறை வெச்சிருக்கிறதப் பாத்து வளந்தவளுக்கு வேற எப்பிடி யோசிக்க வரும். அதனால இப்ப பெண் கண்டல்பரிக்குத்தான் கூட டிமாண்ட், ஆண வாங்கினவங்க கொஞ்சம் முறைக்கிறாங்க.

வரையிறதுக்குக் குதிரை பாக்க இஞ்ச எங்க போறது. காட்டுக்குதிரை எண்டா நெடுந்தீவு, கழுதை எண்டா மன்னார், எங்களுக்கு எருமைதான். 1878ல மைபிரிட்ஜ் எண்ட படப்பிடிப்பாளர் எடுத்த ஓடுற குதிரைப் படங்கள் நெட்ல சும்மா கிடக்கு, நாலு காலும் நிலத்த விட்டு எழும்புறது கால் விரிஞ்சிருக்கேக்க இல்ல, வயித்துக்குக் கீழ மடங்கி இருக்கேக்க எண்டு அதுலதான் தெளிவாத் தெரியும். பின்கால்ல பின்பக்கமா மடியுறது முழங்கால் இல்ல, கணுக்கால், எம்வைஓ வரையிறாக்கள் தயவுசெஞ்சு இத மனசுல வெச்சுக்கொள்ளுங்க. நான் போன்ல ஐபிஸ் பெயின்ட் எண்ட அப்லதான் வரையிறன், டெப்லெட் கட்டாயமெண்டு யாரும் நினைக்கத் தேவையில்ல.

மாமி ஒருநாள் கேட்டா, "படத்த அனுப்பின பிறகும் படம் உண்ட போன்லதானே கிடக்கு, அப்ப நீ என்னத்தடி வித்த?" இதவிட நல்ல கேள்வி எனக்கு எந்த கஸ்டமரும் கேட்டதில்ல. நான் சொன்னன், காணி உறுதி மாதிரி மாமி, மாஸ்டர்லிஸ்ட்ல நம்பர் போட்டு இன்னார்ட எண்டு எழுதிடுவன், இனி அந்த டிசைன நான் வேற ஆளுக்கு விக்க ஏலாது எண்டு. ஆனா உறுதியப் பதியக் காணிக் கந்தோர் இருக்கு, இதுக்கு இல்ல. இலங்கைட 2003ம் ஆண்டு 36ம் இலக்க புலமைச் சொத்துச் சட்டமும் சரி மற்ற நாட்டுச் சட்டங்களும் சரி, வரைஞ்ச படத்துக்குத்தான் பாதுகாப்புக் குடுக்கும், சேத்துல நடக்குற குதிரை எண்ட யோசனைக்கு இல்ல. யாராவது நாளைக்கு ஏழு விரல்க் கணக்கோட ஒரு குதிரைய அவங்கட கையால வரைஞ்சா நான் ஒண்டும் செய்ய ஏலாது. குளோஸ்ட் ஸ்பீசிஸ் எண்டது முழுக்க முழுக்க வாங்குறாக்கள்ட மரியாதையில ஓடுற யாவாரம், அதனாலதான் மாஸ்டர்லிஸ்ட்ட நான் இவ்வளவு கறாரா வெச்சிருக்கன்.

காசு விசயம் சுருக்கமா. நான் தொடங்கேக்க பேபால்ல இஞ்ச இருந்து காசு கட்டலாம், வாங்க ஏலாது, அதால டீவியன்ட்ஆர்ட் பொயின்ட்ஸ் எடுத்தன், பெரிய தொகை எண்டா சுவிஸ்ல இருக்கிற மச்சாள் வாங்கி அனுப்புவா. இப்பவும் நான் காசு வாங்குறது அப்பிடித்தான். வாங்கின விலைக்கு மேல திருப்பி விக்க ஏலாது, மேல வேற படம் வரைவிச்சிருந்தா மட்டும் அந்தச் செலவச் சேக்கலாம்.

வாற பௌர்ணமிக்கு ரெண்டு பெண், ஒரு ஆண் ஏலத்துக்கு விடுறன். ஓட்டோபை, அதாவது ஒரே விலையக் குடுத்து உடன வாங்குற வழி, போடல, கடைசி நேரத்துல பிட் (ஏலக் கேள்வி) வந்தா ஏலம் தானா நீளும், ஆகக் கடைசி நிமிசத்துல வந்து அள்ளிட்டுப் போகலாமெண்டு இருக்க வேணாம். ஆணுக்கு ஸ்டார்ட்டிங் பிட் பாதிதான், காரணம் மேல சொல்லிட்டன். செட்டை கேட்டு எழுதுறாக்களுக்கு இந்தப் பதிவத்தான் அனுப்புவன்.