யானைக் காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் யானை போட்ட செப்புக் காசு கிடைத்தால் உடனே ‘திப்பு காசு’ என்று பேர் வைத்துவிடுகிறார்கள். பாராமகால் எனப்பட்ட இந்தப் பகுதி 1792 வரை திப்புவிடம் இருந்தது. அந்த ஆண்டு சீரங்கப்பட்டின உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. அதனால் பேர் பாதி பொருந்தும். ஆனால் 1799க்குப் பிறகு மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரும் மைசூரில் யானைக் காசு அடித்தார். யானைக்கு மேலே சூரியன், பிறை, நடுவில் ‘ஸ்ரீ’ தெரிந்தால் அது உடையார் காசு.

திப்பு காசில் யானைக்கு மேலே பெரும்பாலும் ஆண்டு இருக்கும். தடுமாற்றம் இங்கேதான். 1787 முதல் அவர் மௌலூதி என்ற புது ஆண்டுக்கணக்கில் ஆண்டைப் போட்டார், எண்களையும் வலமிருந்து இடமாக எழுதவைத்தார். நம் கண்ணுக்கு 5121 என்று தெரிவது உண்மையில் 1215. அதோடு 572ஐக் கூட்டுங்கள்: 1787. பாரசீக எழுத்தில் ஏழு ஆங்கில ‘வி’ போலவும், எட்டு அதைக் கவிழ்த்தது போலவும் இருக்கும். காசைத் தலைகீழாகப் பிடித்தால் 1217 என்பது 1218 ஆகிவிடும். ஆகவே முதலில் யானையின் கால் கீழே வரும்படி பிடித்துக்கொள்ளுங்கள். 1221 அல்லது அதற்குப் பிந்தைய ஆண்டு இருந்தால், இந்த மண் திப்பு கையை விட்டுப் போன பிறகு அடித்த காசு அது.

அடுத்தது எடை. நகைக்கடைத் தராசு போதும். முழுப் பைசா சுமார் 11 கிராம், இரட்டைப் பைசா 22-23, அரை 5.7, கால் 2.8. பின்னாளில் திப்பு இவற்றுக்குக் கோள், விண்மீன் பேர்களே வைத்தார்: பைசா சுஹ்ரா (வெள்ளி), அரை பஹ்ராம் (செவ்வாய்), கால் அக்தர் (விண்மீன்). மறுபக்கம் காசு அடித்த அக்கசாலையின் பேர். ‘பட்டன்’ என்றால் சீரங்கப்பட்டினம், ‘சலாமாபாத்’ என்றால் நம் சத்தியமங்கலம். எடை வெகுவாகக் குறைந்து, விளிம்பில் ஒட்டுக்கோடும் பரப்பில் ஊசிமுனைக் குழிகளும் இருந்தால் வார்த்து எடுத்த போலி என்று சந்தேகப்படுங்கள். அசல் காசு அச்சில் அடித்தது.

இனி சுத்தம் செய்வது. செப்புக்குடம் துலக்குவதுபோல் புளியும் கல்லுப்பும் போட்டுத் தேய்ப்பதுதான் காசுக்குச் செய்யும் பெரிய கொடுமை. புளியின் அமிலம் கரும்பச்சைப் படலத்தை அரித்துவிடும். தேய்ந்த காசில் எழுத்தே அந்தப் படலத்தில்தான் நிற்கிறது. உப்பு இன்னும் மோசம். அதிலுள்ள குளோரைடு செம்புக்குள் தங்கி, ஈரக்காற்று பட்டதும் வெளிர்பச்சைப் பொடியாகக் கிளம்பும். உதிர உதிரக் குழி விழும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றுங்கள். மண் இளகியதும் மூங்கில் குச்சியால் நெம்பி எடுங்கள். துணியால் ஒற்றி, நாள் முழுக்கக் காயவிடுங்கள். பொடி கிளம்பிய காசைத் தனி டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மெத்தென்ற பிவிசி உறை வேண்டவே வேண்டாம். அது நாளடைவில் அமிலம் கக்கிப் பிசுபிசுக்கும். மைலார் என்ற பாலியெஸ்டர் தாள் உறைதான் நல்லது.

உழும்போது பானையோடு கிடைத்தால் பேச்சே வேறு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். அதுவரை காசுகளைப் பங்கு பிரிக்காதீர்கள், கழுவாதீர்கள். பானையிலேயே பிந்தைய ஆண்டுக் காசு எது என்று பார்த்துத்தான் அதைப் புதைத்த காலத்தைக் கணிக்கிறார்கள். அந்த ஒரு காசு கைமாறிப் போனால் கணக்கே தப்பிவிடும்.