திரும்பத் திரும்ப வந்த நீர்க்கடுப்பும் ஒரு கல்ச்சர் ரிப்போர்ட்டும்

நீர்க்கடுப்பு வந்து, மாத்திரை போட்டுச் சரியாகி, கொஞ்ச நாளில் மறுபடியும் வந்து நிற்கிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக மாதவிடாய் நின்ற வயதில் இருப்பவர்களுக்கு. ஏறக்குறைய ஒரு வருடம் நான் இந்தச் சுற்றில்தான் கிடந்தேன். வெளியில் சொல்லக் கூச்சப்படுகிற நோய் என்பதால் பக்கத்து வீட்டில் இருப்பவருக்கும் இது இருக்கிறதா என்பது நமக்குத் தெரிவதில்லை.

வீடு தர்மபுரியில், பள்ளிக்கூடம் பென்னாகரம் பக்கம். காலையில் பஸ் ஏறினால் சாயந்திரம்தான் வீடு. முதல் தடவை வந்தபோது எரிச்சல், அடிவயிற்றில் கனம், போய்விட்டு வந்த உடனே மறுபடியும் போக வேண்டும் போன்ற முட்டல். போனால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மாமியார் பார்த்துவிட்டு, "உடம்பு சூடு கண்ணு, வெந்தயத்தை மோருல போட்டுக் குடி" என்றார். குடித்தேன். இளநீர், பார்லிக் கஞ்சி எல்லாம் ஆயிற்று. எரிச்சல் கொஞ்சம் அடங்கியது, போகவில்லை. அப்புறம் ஒரு கிளினிக்கில் ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்கள். இரண்டே நாளில் நிம்மதி. பிறகு மறுபடியும் அதே எரிச்சல். கிளினிக்கில் திரும்பவும் அதே மாத்திரை. சிறுநீரைப் பரிசோதிக்கலாம் என்று அங்கே யாரும் சொல்லவே இல்லை.

சக ஆசிரியை ஒருவர் சொல்லித்தான் வேறொரு பெண் மருத்துவரிடம் போனேன். அவர் பழைய சீட்டுகளையெல்லாம் வாங்கி வரிசையாக அடுக்கிப் பார்த்தார். "டீச்சர், எந்தக் கிருமி, அதுக்கு எந்த மருந்து கேட்கும்னு தெரியாம இனிமே நான் மாத்திரை எழுத மாட்டேன். ஆறு மாசத்துல ரெண்டு தடவை, இல்ல வருஷத்துல மூணு தடவை வந்தாலே காரணத்தைத் தேடியாகணும்" என்றார். அதுவரை யாரும் எனக்கு இவ்வளவு விவரமாகச் சொன்னதில்லை. பெண்களுக்குச் சிறுநீர்ப் பாதை சுமார் 4 சென்டிமீட்டர்தான், ஆண்களுக்கு 20 சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கும். நம் குடலில் சாதாரணமாக வாழ்கிற ஈ.கோலை என்கிற பாக்டீரியா அந்தச் சின்ன தூரத்தைக் கடந்து சிறுநீர்ப்பைக்குப் போய்விடுகிறது. பெரும்பாலான நீர்க்கடுப்புக்கு அதுதான் காரணம். சூடு என்று நாம் சொல்லும்போது குடிக்கிற மோரும் இளநீரும் சிறுநீரை நீர்க்கச் செய்து எரிச்சலைக் குறைக்கும், அதனால் தாராளமாகக் குடிக்கலாம். ஏற்கெனவே உள்ளே பெருகிவிட்ட கிருமியை ஒழிக்க அது மட்டும் போதாது.

சரி, கல்ச்சர், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கிற பரிசோதனை, அதற்குக் கொடுப்பதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிப் பேருக்கு இங்கேதான் வீணாகிறது. எனக்கு முதலில் ஒரு லேபில் டப்பாவை மட்டும் கையில் கொடுத்தார்கள், எப்படிப் பிடிப்பது என்று சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் 'பல கிருமிகள் கலந்து வளர்ந்துள்ளன, மாதிரி அசுத்தமாகியிருக்கலாம்' என்று வந்தது. காசும் போயிற்று, காத்திருந்த நாளும் போயிற்று. மருத்துவர் மறுபடியும் எடுக்கச் சொல்லி, முறையையும் அவரே விளக்கினார். கையைக் கழுவிக்கொண்டு, வெறும் தண்ணீரால் முன்பக்கத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். பிறப்புறுப்பின் உதடுகளை விரலால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, முதலில் வருவதை விட்டுவிட வேண்டும். நடுவில் வருவதை மட்டும், மூடியின் உட்புறத்தையோ டப்பாவின் விளிம்பையோ தொடாமல், கிருமி நீக்கிய டப்பாவில் பிடிக்க வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும். வெயிலில் பஸ்ஸில் கொண்டுபோனால் ஒன்றிரண்டு கிருமிகூட வழியிலேயே பெருகிவிடும். உடனே கொடுக்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்கலாம். பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ வருகிறவர்கள் தர்மபுரிக்கே வந்து லேபிலேயே பிடித்துக் கொடுப்பது நல்லது. ஆன்டிபயாட்டிக் ஒரு வேளை போட்டபிறகு கொடுத்தால் கிருமி வளராமலே போகக்கூடும், அதனால் மாத்திரைக்கு முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நுண்ணுயிரியல் துறை இருக்கிறது, கல்ச்சரை அங்கேயே கேட்கலாம்.

இரண்டு மூன்று நாளில் முடிவு வந்தது. ஈ.கோலை, ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 1 லட்சத்துக்கும் மேல். அதற்குக் கீழே மருந்துகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆர் அல்லது எஸ் என்ற எழுத்து. எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும், ஆர் என்றால் அடங்காது. கிளினிக்கில் எனக்குக் கொடுத்த நார்ஃப்ளாக்சசினுக்கு எதிரே ஆர். அதே வகையைச் சேர்ந்த சிப்ரோஃப்ளாக்சசினுக்கும் ஆர். நம் நாட்டில் கண்டதற்கெல்லாம் இவற்றை விழுங்கி விழுங்கி, ஈ.கோலைக்கு அவை பழகிப்போய்விட்டன. நைட்ரோஃபுரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் இரண்டுக்கும் எஸ். அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை மாதமும் கேட்காத மருந்தைத்தானே உடம்பில் கொட்டியிருக்கிறார்கள்!

நைட்ரோஃபுரன்டாயின் 100 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, 5 நாள் என்று எழுதினார். சாப்பாட்டோடு போட வேண்டும், வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ போகும், பயப்பட வேண்டாம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். எரிச்சலுக்காக நான் குடித்துக்கொண்டிருந்த சிட்ரேட் சிரப்பை நிறுத்தச் சொன்னார். அது சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும், அமிலத்தன்மை இருந்தால்தான் இந்த மாத்திரை நன்றாக வேலை செய்யும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு இது ஆகாது. கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருந்தாலும் இது பயன்படாது. ஆகவே என் கதையைப் படித்துவிட்டு இதே மாத்திரையை மெடிக்கலில் கேட்டு வாங்கிவிடாதீர்கள்.

மாத்திரை முடிந்து சுகமான பிறகுதான் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்ற தேடல் தொடங்கியது. மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரை பார்த்தார்கள், அளவோடு இருந்தது. வயிற்று ஸ்கேனில் கல் இல்லை. போய்விட்டு வந்த பிறகு சிறுநீர்ப்பையில் சிறுநீர் தேங்குகிறதா என்றும் அதே ஸ்கேனில் பார்த்தார்கள், தேங்கவில்லை. மிச்சம் இருந்தது மாதவிடாய் நின்றதுதான். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து வறண்டுவிடுகிறது. அங்கே காவலாக இருந்த நல்ல பாக்டீரியா குறைந்து, குடல் கிருமி குடியேறுகிறது. உள்ளே வைக்கிற ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதிக் கொடுத்தார். முதல் இரண்டு வாரம் தினமும் இரவு, பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை. மார்பகப் புற்றுநோய் வந்ததுண்டா, மாதவிடாய் நின்றபிறகு ரத்தப்போக்கு இருந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆயிற்று. இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று நினைக்கிற பெண்களை எனக்குத் தெரியும். இது சிறுநீர்ப்பைக்கான மருந்து, கூச்சமில்லாமல் கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர் விஷயத்தில் நம் மாவட்டத்துக்கென்று ஒரு பழக்கம் உண்டு. போர் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம், பல்லில் கறை படியும், பல இடங்களில் உப்புக் கரிக்கும். அதனால் கொஞ்சமாகக் குடித்தே வளர்ந்தோம். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து காவிரித் தண்ணீர் கிடைத்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அதோடு பள்ளியில் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று குடிக்காமலே இருப்பது வேறு. தண்ணீர் குறைவாகக் குடிக்கிற, அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிற பெண்களைத் தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடிக்க வைத்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வெளியானது. கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கிறது. இப்போது இரண்டு பாட்டில் எடுத்துப் போகிறேன், மதிய இடைவேளையில் கட்டாயம் போய்விட்டு வருகிறேன். கழிப்பறை பயத்தில் என் வகுப்புப் பெண் பிள்ளைகளும் தண்ணீரைத் தொடுவதில்லை. தலைமையாசிரியரிடம் பேசிக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் வாளியும் வாங்க வைத்தோம்.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். முன்னிருந்து பின்னாகக் கழுவுவது, உறவுக்குப் பிறகு சிறுநீர் கழிப்பது, உள்ளே சோப்போ டெட்டாலோ போடாமல் இருப்பது.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் முதுகில் வலி, வாந்தி இதில் எது வந்தாலும் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கு எரிச்சலே இல்லாவிட்டாலும் சிறுநீரில் கிருமி இருந்தால் மருந்து வேண்டும். ஆண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு தடவை வந்தாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும். போகும்போது பழைய சீட்டுகளையும் சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். கல்ச்சர் எடுக்கலாமா என்று நீங்களே கேளுங்கள்.